எழுத்துப் பிழையும் 22 லட்சம் டாலரும்

1910-ல் சிகாகோ டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக், கிரெனடாவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த ஒரு மாணவரின் ரத்தத்தில் அரிவாள் மாதிரி வளைந்த சிவப்பணுக்களைப் பார்த்து எழுதினார். 1949-ல் லைனஸ் பாலிங் குழு, கோளாறு ஹீமோகுளோபின் மூலக்கூறில்தான் என்று காட்டியது. டிஎன்ஏ-வில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

2023 நவம்பரில் பிரிட்டன் 'காஸ்ஜெவி'க்கு அனுமதி தந்தது. உலகில் அனுமதி பெற்ற முதல் கிரிஸ்பர் சிகிச்சை. சுவாரசியம் என்னன்னா, அது அந்த எழுத்தைத் தொடுவதே இல்லை. கருவில் நமக்கு வேறொரு ஹீமோகுளோபின் உண்டு. பிறந்த பிறகு பிசிஎல்11ஏ என்ற ஜீன் அதை அடக்கிவிடும். ரத்த ஸ்டெம் செல்லில் அந்த ஜீனின் ஸ்விட்சை வெட்டினால், பழையது திரும்ப வரும். நம்ம பாஷையில் இது பக் ஃபிக்ஸ் இல்லை, ஒர்க்அரவுண்ட்.

அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். கடும் கீமோ கொடுத்து மஜ்ஜையைக் காலி செய்த பிறகுதான் திருத்திய செல்களை ஏற்ற முடியும். ஆனால் இந்த நோயோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் இருப்பது சஹாராவுக்குத் தெற்கே. நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்த மாற்றம் இருப்பதும் 1952-லேயே பதிவாகிவிட்டது. அங்கெல்லாம் முதலில் போய்ச் சேர வேண்டியது பச்சைக் குழந்தைக்கான ரத்தப் பரிசோதனையும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையும். கீமோ இல்லாமல், ஊசி வழியே உடம்புக்குள்ளேயே திருத்தும் ஆராய்ச்சி நடக்கிறது. ஏழை நாடுகளுக்கு உண்மையான கிரிஸ்பர் அதுவாகத்தான் இருக்கும்.