போகாத இலை: புகையிலை விடுதலும் அதற்குரிய துணையும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தமிழில் தூது என்னும் சிற்றிலக்கிய வகை பல்கிய காலத்தில், அன்னமும் கிளியும் முகிலும் நெஞ்சும் தூது சென்றமையோடு அமையாது, தமிழும் பணமும்கூடத் தூது சென்றன. அவ்வரிசையில் புகையிலையும் ஓரிடம் பெற்றது. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகன்மீது பாடிய புகையிலை விடு தூது என்னும் சிறுநூலை டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1939இல் பதிப்பித்து உதவினார்கள்.

அந்நூலுள் புகையிலைக்குப் பெயர் வந்த கதை ஒன்று புனைந்துரைக்கப்படுகிறது. மும்மூர்த்திகளிடையே எழுந்த வழக்கொன்றில், மூவரிடத்தும் ஒவ்வோர் இலை ஒப்படைக்கப்பட்டு, மறுநாள் அவற்றைக் கொணருமாறு கேட்கப்பட்டது. சிவபெருமான் பெற்ற வில்வம் கங்கை வெள்ளத்திற் போயிற்று. திருமால் பெற்ற துளவம் பாற்கடல் அலையிற் போயிற்று. நான்முகன் பெற்ற இலை மட்டும் கலைமகளிடத்தே போகாது எஞ்சியது. ஆதலின் அது 'போகையிலை' எனப்பட்டுப் பின்னர்ப் புகையிலை என மருவிற்று என்பது கதை.

புகை, இலை என்னும் இரு சொற்களின் கூட்டே இப்பெயர் என்பது வெளிப்படை. புலவர் கூறுவது நயமேயன்றிச் சொல்லியல் ஆகாது. ஆயினும் அவர் விளையாட்டாகக் கூறியது வரலாற்றில் மெய்யாயிற்று. கைக்கொண்டாரை விட்டு எளிதிற் போகாத இலை அது. மேலும், நூற்பெயரில் உள்ள 'விடு' என்னும் வினை 'அனுப்பு' என்னும் பொருளது. அவ்வினைக்கே 'கைவிடு' என்னும் பொருளும் உண்டு. இவ்விரண்டாம் பொருளில் புகையிலையை விட முயன்ற மாந்தரின் நானூறாண்டு வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வரலாற்றில் ஒறுத்தல், அறிவுறுத்தல், துணைசெய்தல் என்னும் மூன்று நெறிகளைக் காண்கிறோம். முன்னைய இரண்டும் தம்மளவில் நிரம்பாமையும், மூன்றாவதன் இன்றியமையாமையும் ஈண்டு நிறுவப்படும்.

1. ஒறுத்தல்

புகையிலை அமெரிக்க நிலப்பகுதிகளுக்குரிய செடி. 1492இல் கொலம்பஸ் மேற்கொண்ட கடற்செலவுக்குப் பின்னரே ஏனைய உலகம் அதனை அறிந்தது. எனவே, சங்க நூல்களிலும் திருக்குறளிலும் கள் பேசப்படுதலன்றிப் புகையிலை பேசப்படுதற்கு இடமில்லை. போர்த்துகீசியர் வாயிலாக இந்தியாவுக்கு வந்த அது விரைந்து பரவிற்று. தமிழர் அதன் வகைகளுக்குச் சுருட்டு, பொடி எனத் தம் மொழியிலேயே பெயரிட்டுக்கொண்டனர். சுருட்டு என்னும் சொல் கடல் கடந்து ஆங்கிலத்திலும் சென்று வழங்கிற்று.

வடநாட்டில் பீஜப்பூர் சென்று மீண்ட அசத் பேக் என்பார், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அக்பரின் அவைக்குப் புகையிலையைக் கொண்டுசென்றார். அக்பரின் மகனாகிய ஜஹாங்கீர் அதன் தீமையை உணர்ந்து, 1617இல் அதனைத் தடைசெய்து ஆணையிட்டார். பாரசீக மன்னர் ஷா அப்பாஸும் தம் நாட்டில் அதனைத் தடுத்திருந்தார். துருக்கியப் பேரரசர் நான்காம் முராத் 1633இல் விதித்த தடையை மீறியோர்க்குக் கொலைத்தண்டமே கிடைத்தது.

இத்தடைகளின் வலிமை எத்தகையது என்பதை ஜஹாங்கீரின் நினைவேட்டில் உள்ள ஒரு நிகழ்ச்சி காட்டும். அவர் பாரசீகத்துக்கு அனுப்பிய தூதர் கான் ஆலம், புகையாது ஒருகணமும் இருக்கமாட்டாதவர். தடை நிலவிய நாட்டில் அவர் படும் துன்பத்தை மற்றொரு தூதர் ஷா அப்பாஸிடம் எடுத்துரைத்தார். மன்னர் சினந்தாரல்லர்; ஈரடிச் செய்யுள் ஒன்றால் அவருக்கு மட்டும் விலக்களித்தார். கான் ஆலமும் செய்யுளாலேயே நன்றி கூறினார். தடை விதித்த இரு பேரரசர்களுக்கும் நடுவே தூது சென்ற பெருமகனையே அவ்விலை விடவில்லை. இருவர் ஆணையும் அவரளவில் செல்லாதொழிந்தன. விட விரும்புவான் ஒருவனுக்கு விடும் வழியை ஆணை காட்டாது என்பது இதனாற் பெறப்படும்.

2. அறிவுறுத்தல்

இங்கிலாந்தின் மன்னர் முதலாம் ஜேம்ஸ் வேறொரு நெறியை மேற்கொண்டார். அவர் 1604இல் புகையிலையை மறுத்துத் தாமே ஒரு நூல் எழுதி வெளியிட்டார். அதன்மீது சுமத்திய வரியையும் பன்மடங்கு உயர்த்தினார். மன்னரே நூலாசிரியராகிய பின்னும் புகைத்தல் குறையவில்லை. அவர்தம் கூற்றுக்கு அளந்தறிந்த சான்று அக்காலத்தில் இல்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

சான்று மெல்ல வந்தது. 1828இல் ஹைடல்பர்க்கில் போசெல்ட், ரைமான் என்னும் இருவர் நிகோட்டின் என்னும் பொருளைப் புகையிலையிலிருந்து பிரித்தெடுத்தனர். 1950இல் இங்கிலாந்தில் ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் ஆகியோரும், அமெரிக்காவில் விண்டர், கிரகாம் ஆகியோரும் நுரையீரற் புற்றுநோய்க்கும் புகைத்தலுக்கும் உள்ள தொடர்பைத் தனித்தனியே வெளிப்படுத்தினர். டால் தாமும் புகைத்தவரே. தம் ஆய்வு காட்டிய முடிவைக் கண்டு தாமே அதனை விட்டார். 1964 ஜனவரி 11ஆம் நாள் அமெரிக்கப் பொதுநலத் தலைமை மருத்துவரின் அறிக்கை வெளிவந்தபின், புகைத்தலின் கேடு உலகறிந்த செய்தியாயிற்று.

1951இல் டாலும் ஹில்லும் பிரித்தானிய மருத்துவர்களிடையே தொடங்கிய ஆய்வு ஐம்பதாண்டு நீடித்து, அதன் முடிவு 2004இல் வெளியாயிற்று. 60, 50, 40, 30 ஆகிய அகவைகளில் புகைத்தலை விட்டோர் முறையே ஏறத்தாழ 3, 6, 9, 10 ஆண்டு வாழ்நாளை மீட்கின்றனர் என்று அது காட்டிற்று. அச்சுறுத்தல் மட்டுமே செய்துவந்த அறிவியல், நம்பிக்கையும் தரவல்லது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

அறிவுறுத்தலால் விட்டோர் பலர் என்பதை நாம் மறுக்கவில்லை. பெரும்பாலோர் பிறர் துணையின்றியே விட்டனர் என்பதும் உண்மையே. அவ்வாறாயின் துணை எதற்கு எனின், கூறுதும். அறிவுறுத்தலால் முதலில் விட்டோருள் மருத்துவர்களே முன்னின்றனர். அவர்கள் தனியர் அல்லர். உடன்தொழில் செய்வோர் பலரும் ஒருங்கே விடக் கண்டவர்கள். ஆகவே, வெளிப்படாத ஒரு துணை அவர்களுக்கு இருந்தது என்பது நம் கருத்து. அத்துணையும் இல்லாதோர், கேட்டை அறிந்தும் விடமாட்டாது நின்றனர். அவர்தம் இயலாமை ஒழுக்கக்குறை அன்று. நிகோட்டின் மூளையைப் பிணிக்கும் பிணிப்பே என்பதை 1988ஆம் ஆண்டு அமெரிக்க அறிக்கை தெளிவாக்கிற்று.

திருக்குறளில் கள்ளுண்ணாமை அதிகாரத்தின் இறுதிப் பாக்கள் இரண்டும் ஈண்டு நினைக்கத் தக்கன. கள்ளுண்டு களித்தானைக் காரணம் காட்டித் தெளிவித்தல் இயலாது என்பது முன்னதன் கருத்து. தான் உண்ணாத வேளையில், உண்ட பிறனைக் காண்பவன் தன் நிலையை எண்ணிப்பாரானோ என்பது பின்னதன் கருத்து. புகைப்பவன் அறிவு மயங்கியவன் அல்லன். ஆகவே முன்னைய குறள் அவனுக்கு முற்றும் பொருந்தாது. ஆனால், பிறர் அறிவுரையினும் தன்னையொத்தான் ஒருவனைக் காண்டலே வலிமையுடைத்து என்னும் பின்னைய குறளின் கருத்து அவனுக்கு மிகவும் பொருந்தும். அடுத்த நெறி இவ்வுண்மையின்மேல் எழுந்ததே ஆகும்.

3. துணைசெய்தல்

1950களின் இடைப்பகுதியில் ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் பெர்யே எய்ரூப் என்னும் மருத்துவர், புகைத்தலை விட விரும்புவோர்க்கெனவே மருத்துவ நிலையம் நடத்தினார். 1960ஐ ஒட்டி அமெரிக்காவில் மெக்ஃபார்லண்ட் என்னும் மருத்துவரும் ஃபோல்கன்பர்க் என்னும் சமயப் பணியாளரும் 'ஐந்துநாள் திட்டம்' ஒன்றை வகுத்தனர். விட விரும்புவோர் தொடர்ந்து ஐந்து மாலைப்பொழுதுகளில் கூடினர். நீர் மிகுதியாகப் பருகுதல், ஆழ்ந்து மூச்சுவிடுதல், உணவுக்குப்பின் சிறிது நடத்தல், காப்பியையும் மதுவையும் தவிர்த்தல் முதலியன அங்குக் கற்பிக்கப்பட்டன. மருந்து ஏதுமின்றி, கூட்டத்தின் துணையையே மருந்தாகக் கொண்டது அத்திட்டம்.

மற்றொரு வழி நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து பிறந்தது. கப்பலினுள் புகைத்தல் கூடாமையால் மாலுமிகள் மெல்லும் புகையிலையைக் கொண்டு அமைதியுறுவதை, ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லுண்ட்கிரேன், லிக்டெனெக்கர்ட் ஆகியோர் கண்டனர். அதனை 1967இல் ஊவே ஃபேர்னோ என்னும் மருந்தியலாளர்க்கு எழுதினர். அவர் முயற்சியால் நிகோட்டின் கலந்த மெல்பசை உருவாயிற்று. புகையால் வரும் கேடின்றி, ஏக்கத்தை மட்டும் தணித்துப் படிப்படியே குறைக்கும் வழி இதனால் கிடைத்தது.

துணையின் பயனை எண்ணால் அளந்து காட்டியவர் இலண்டனைச் சேர்ந்த மைக்கேல் ரசல். 1979இல் வெளியான அவர்தம் ஆய்வில், 28 மருத்துவரிடம் வந்த 2,138 புகைப்போர் நான்கு பிரிவினராக்கப்பட்டனர். ஏதும் கூறப்படாதோருள் ஓராண்டளவும் விட்டிருந்தோர் 0.3 விழுக்காட்டினர். வினாத்தாள் மட்டும் பெற்றோருள் 1.6, மருத்துவர் விடுமாறு கூறக் கேட்டோருள் 3.3, அறிவுரையோடு சிறுநூலும் பெற்று 'மீண்டும் வினவுவோம்' எனக் கூறப்பட்டோருள் 5.1 விழுக்காட்டினர் விட்டிருந்தனர். எண்கள் சிறியனவே. ஆயினும் ஓரிரு நிமிடச் சொல்லால் விளைந்த பயன் இது. 'மீண்டும் வினவுவோம்' என்னும் சொல் சேர்ந்த பிரிவே முதலிடம் பெற்றது என்பது கருதத்தக்கது. தன்னை ஒருவர் நினைந்து வினவுவார் என்னும் எண்ணமே ஒரு துணையாகும்.

இந்தியாவில் 2002இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 13 புகையிலை விடுவிப்பு நிலையங்கள் தொடங்கப்பட்டன. சென்னை அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் அவற்றுள் ஒன்று. 2016இல் தில்லியில் தேசியத் தொலைபேசி உதவி தொடங்கிற்று. அதன் எண்ணாகிய 1800-11-2356, 2018 முதல் புகையிலைப் பொருள்களின் உறைமீதே அச்சிடப்படலாயிற்று.

4. கைக்கொள்ளும் முறைகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து இக்காலத்தார் கொண்ட முறைகளைச் சுருங்கக் கூறுவோம். விடும் நாளை முன்னரே குறித்து, வீட்டாரிடமும் நண்பரிடமும் அறிவித்தல் முதலாவது. சிகரெட்டு, தீப்பெட்டி, சாம்பற்கிண்ணம் ஆகியவற்றை அகற்றுதல் இரண்டாவது. தேநீர், உணவின் முடிவு, நண்பர் கூட்டம் என ஏக்கத்தைத் தூண்டும் வேளைகளை அறிந்து, அவ்வேளைக்கு மாற்றுச் செயல் வகுத்தல் மூன்றாவது. ஏக்கம் அலை போன்றது. சில நிமிடங்களில் எழுந்து தானே தணியும். அந்நிமிடங்களை நீர் பருகியோ, நடந்தோ, ஏலமோ கிராம்போ மென்றோ கடத்தினால் போதும். முதல் வாரம் கடியது. துன்பம் பெரும்பாலும் நான்கு வாரங்களுள் குறையும். அறிவுரைத் துணையும் மருந்தும் தனித்தனியே உதவுவதினும் இணைந்து மிகுதியாக உதவுவன; மருந்தை மருத்துவரைக் கலந்தே கொள்ளவேண்டும். ஒருமுறை தவறியவன் தோற்றவன் அல்லன்; பல முயற்சிகளுக்குப் பின் விட்டோரே மிகுதி.

இதனை எழுதும் நாமும் ஆய்வுப் பட்டத்துக்கு உழைத்த நாளில் புகைக்கத் தொடங்கியவரே. மும்முறை தனியே விட்டு மும்முறையும் மீண்டோம். நான்காம் முறை உடன்பணிபுரிந்த அன்பர் ஒருவரும் நம்மோடு விட்டார். நாள்தோறும் மாலையில் 'இன்று எப்படி?' என ஒருவரையொருவர் வினவுவதன்றி வேறொன்றும் செய்திலேம். முன்னைய மூன்றிலும் இல்லாதது அவ்வினா ஒன்றே. ரசலின் எண்களைப் பின்னர்க் கண்டபொழுது நமக்கு வியப்புத் தோன்றவில்லை.

5. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஆணையும் அறிவும் விடுதலுக்கு வேண்டியனவேனும், அவை மட்டும் எல்லார்க்கும் போதா என்பது புலனாம். 2009–10இல் இந்தியாவில் அகவை 15க்கு மேற்பட்டோருள் 34.6 விழுக்காட்டினர் புகையிலையைப் பயன்படுத்தினர் என்றும், 2016–17இல் அது 28.6 ஆகக் குறைந்தது என்றும் நாடளாவிய கணக்கெடுப்புகள் காட்டின. குறைவு மகிழத்தக்கதே, எஞ்சிய தொகையோ மிகப் பெரிது. அவர்களுள் நம் ஆய்வு மாணவரும் உளர், ஆசிரியரும் உளர். இரவு முழுதும் ஏட்டோடு இருப்பவனுக்குப் புகை துணை என்னும் எண்ணம் நம் துறைகளில் இன்றும் நீங்கவில்லை. அவனைக் கடிதலாலோ அவனுக்கு நோய்களை எண்ணிக் காட்டலாலோ மட்டும் பயனில்லை. அவனோடு உடனிருந்து, நாள்தோறும் வினவுவார் ஒருவர் வேண்டும்.

சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலையைத் தூது விட்டார். இன்று அதன் உறைமீது அச்சிட்ட எண், 'எம்மை விடுக' என்று அப்புகையிலையே கொணரும் தூதாக அமைந்துள்ளது. தூது பெற்றவர்க்கு மறுமொழி கூறுதல் எளிதன்று. அருகிலிருந்து உதவுவார் உளராயின் அரிதும் அன்று.