தராசு காட்டாததைத் தண்ணீர் காட்டியது

பளுத் தூக்கினால் பெண்ணுக்கு ஆணின் உடற்கட்டு வந்துவிடும் என்ற அச்சம் நெடுங்காலமாக இருந்து வந்தது. மேல்நாடுகளும் இதற்கு விலக்கல்ல. இந்த அச்சம் மெய்தானா என்று அளந்து பார்க்க ஒரு கருவி வேண்டும். அக்கருவி பெண்களுக்காகப் பிறந்ததன்று. அமெரிக்கக் கடற்படையில் பிறந்தது.

கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கேயும் அவருடைய துணைவர்களும் 1942-இல் அமெரிக்கக் கால்பந்தைத் தொழிலாக ஆடிய 25 வீரர்களை ஆராய்ந்தனர். உயரத்திற்கேற்ற எடையைக் கூறும் அட்டவணைப்படி அவர்களுள் 17 பேர் படையில் சேரத் தகாத அளவுக்குப் பருமனானவர்கள்! ஆனால் அவர்களை நீருக்குள் நிறுத்து எடை பார்த்தபோது, பெரும்பாலோரிடம் கொழுப்பு அதிகமில்லை என்பது புலனாயிற்று. கூடுதல் எடை தசையின் எடையே.

இதன் அடிப்படை நாம் பள்ளியில் படித்த ஆர்க்கிமிடீஸ் தத்துவந்தான். கொழுப்பின் அடர்த்தி ஏறத்தாழ 0.9, தசையும் எலும்பும் சேர்ந்த பிற பகுதியின் அடர்த்தி ஏறத்தாழ 1.1. ஒரு பெண்ணின் எடை 55 கிலோ என்று கொள்வோம். நீருக்குள் அவள் எடை 1.4 கிலோ. ஆகவே அவள் விலக்கிய நீர் 53.6 லிட்டர். மூச்சை முழுதும் விட்ட பின்னும் நுரையீரலில் தங்கும் காற்று 1.1 லிட்டர் என்றால், அதைக் கழிக்க உடலின் பருமன் 52.5 லிட்டர். 55-ஐ 52.5-ஆல் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 495-ஐ இந்த அடர்த்தியால் வகுத்து 450-ஐக் கழித்தால் 22.5. இதுவே கொழுப்பின் விழுக்காடு. இச்சூத்திரம் 1950-களில் வில்லியம் சிரி வகுத்தது. (மூச்சை விட்டபடி நீருக்குள் அசையாமல் அமர்ந்திருப்பது இனிய வேலையன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

1972-இல் அமெரிக்காவில், அரசின் நிதியுதவி பெறும் கல்விக்கூடங்களில் பால் வேறுபாடு காட்டலாகாது என்று சட்டம் வந்தது. பெண்கள் விளையாட்டுத் திடல்களுக்குத் திரளாக வரத் தொடங்கினர். பழைய கேள்வி மீண்டும் எழுந்தது.

1974-இல் ஜாக் வில்மோர் 47 பெண்களுக்கும் 26 ஆண்களுக்கும் ஒரே வகையான பளுப்பயிற்சி அளித்தார். வாரத்திற்கு இரண்டு நாள், நாளுக்கு 40 நிமிடம், பத்து வாரம். முடிவில் எடை குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. தராசை மட்டும் நம்பிய பெண் ‘உழைப்பெல்லாம் வீண்’ என்று பயிற்சியைக் கைவிட்டிருப்பாள். உண்மையில் இரு பாலாருக்கும் கொழுப்பு குறைந்து, கொழுப்பற்ற பகுதி கூடியிருந்தது. தொடக்க வலிமையோடு ஒப்பிட, பெண்கள் பெற்ற வலிமை ஆண்கள் பெற்றதற்குக் குறைந்ததன்று. சிலவற்றில் மிகுதியும் கூட. தசை பருத்ததோ ஆண்களிடந்தான் அதிகம்.

பருக்காமல் வலிமை எப்படிக் கூடும்? தொடக்க வாரங்களில் தசையைவிட நரம்புகளே விரைந்து பழகிக் கொள்கின்றன. முன்பு சும்மா இருந்த தசை நார்களையும் வேலைக்கு அழைக்கின்றன. தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீரும் பெண்களிடம் ஆண்களைவிடப் பன்மடங்கு குறைவு.

அப்படியானால் பெண்ணின் தசை வளர்வதே இல்லையா? வளர்கிறது. 1990-இல் ராபர்ட் ஸ்டாரன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 24 பெண்கள் 20 வாரம் கால்களுக்குக் கடும் பளுப்பயிற்சி செய்தனர். தொடையிலிருந்து ஊசியால் எடுத்த தசைத் துணுக்கை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, நார்கள் தடித்திருந்தது நன்கு தெரிந்தது. அளவுநாடாவால் தொடையைச் சுற்றி அளந்தார்கள். மொத்தத்தில் சுற்றளவு மாறவே இல்லை.