உருமாற்றமும் பொருள்மாற்றமும்

உலகப் பொருள்கள் யாவும் ஓயாது மாறிக்கொண்டேயிருக்கின்றன. பனிக்கட்டி உருகி நீராகிறது. நீர் கொதித்து ஆவியாகிறது. விறகு எரிந்து சாம்பலாகிறது. இரும்பு துருவேறி உதிர்கிறது. இவை யாவும் மாறுதல்களே எனினும் ஒரே வகையின அல்ல. முன்னிரண்டில் நீர் நீராகவே இருந்து தன் உருவை மட்டும் மாற்றிக்கொண்டது. பின்னிரண்டில் பழைய பொருள் ஒழிந்து புதுப் பொருள் தோன்றிற்று. முன்னதைப் பௌதிக மாறுதல் என்றும், பின்னதை இரசாயன மாறுதல் என்றும் அறிஞர் வழங்குவர். பள்ளிச் சிறுவரும் மனப்பாடமாய் ஒப்புவிக்கும் பாடம் இது. ஆயினும் இவ்வேறுபாட்டை மனித அறிவு எவ்வளவு பாடுபட்டுக் கண்டுகொண்டது என்பதையும், கண்டதனால் விளைந்த பயன் யாது என்பதையும் நம்மவருட் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. நம் முன்னோர் வியர்வை சிந்தி எடுத்த ரப்பரின் வரலாறே இதற்கு நல்ல சான்றாதலின், அதனையே ஈண்டு ஆராய்வோம்.

அதற்கு முன் ஒன்று சொல்லவேண்டும். கண்ணாற் கண்டதே மெய் என்றிருந்த காலத்தில், நீரை நெடுநாள் காய்ச்சினால் அது மண்ணாக மாறும் என்று ஐரோப்பாவிற் கற்றோரும் நம்பினர். காய்ச்சிய கலத்தில் மண் போன்ற படிவு தங்கியதே அவர்தம் ஆதாரம். பிரான்சு தேசத்து லவாய்சியர் மூடிய கண்ணாடிக் கலமொன்றில் நீரை 101 நாட்கள் காய்ச்சினார். முன்னும் பின்னும் யாவற்றையும் துலாக்கோலில் நிறுத்தார். கலத்தின் எடை குறைந்திருந்தது. படிவு கண்ணாடியினின்றும் கரைந்து வந்ததேயன்றி நீரிலிருந்து பிறந்ததன்று என்பதை 1770-ல் அவர் அறிவித்தார். வழிவழி வந்த நம்பிக்கை ஒரு துலாக்கோலின் முன் நிற்கமாட்டாது வீழ்ந்தது.

அவரே பாதரசத்தைக் காற்றுள்ள கலத்தில் பன்னிரண்டு நாட்கள் காய்ச்சிச் செந்நிறப் பொடியைப் பெற்றார். அப்பொடியை இன்னும் கடுமையாய்ச் சூடேற்றவே பாதரசமும் பிராணவாயுவும் மீண்டன. ஆகவே, ‘திரும்புவது பௌதிகம், திரும்பாதது இரசாயனம்’ என்று சுருக்கமாய்ச் சொல்லும் விதி போதாது. கிழிந்த காகிதம் பழையபடி ஒன்றாவதில்லை. எனினும் அது காகிதமே. செந்நிறப் பொடி திரும்பிப் பாதரசமாகிறது. எனினும் இடையில் அது வேறு பொருளாகவே இருந்தது. ‘பொருள் அதுவேதானா?’ என்பதே கேட்க வேண்டிய கேள்வி. செம்புக் காசின்மேற் பாதரசத்தைத் தேய்த்து, ‘வெள்ளியாக்கினேன்’ என்று ஊரை ஏய்த்த ரசவாதிகளின் பிழைப்பு, இக்கேள்வியைக் கேட்கத் தெரியாத மக்களிடையேதான் நடைபெற்றது.

இனி ரப்பருக்கு வருவோம். அதே 1770-ல் இங்கிலாந்தின் பிரீஸ்ட்லி, தென்னமெரிக்க மரப்பாலினின்றும் கிடைக்கும் இப்பொருள் பென்சில் கோட்டை அழிக்க வல்லது என்று எழுதினார். தேய்த்தல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லினின்றே ரப்பர் என்னும் பெயர் எழுந்தது. 1823-ல் ஸ்காத்லாந்தின் மக்கிந்தோஷ், நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த நாப்தா எண்ணெயில் ரப்பரைக் கரைத்து, இரு துணிகளுக்கிடையே பூசி, மழைக்கு நனையாத சட்டைக்கு உரிமைச் சாசனம் பெற்றார். எண்ணெய் ஆவியாய்ப் போனது. ரப்பர் ரப்பராகவே துணியில் எஞ்சிற்று. பொருள் மாறவில்லை; ஆதலின் அதன் குறையும் மாறவில்லை. கோடையில் அச்சட்டை பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டது. குளிர்காலத்தில் பலகைபோல் விறைத்தது. வெயிலுக்கு இளகிக் குளிருக்கு இறுகும் பொருளைக்கொண்டு எந்தத் தொழிலை நிலைநாட்ட முடியும்?

இக்குறையைத் தீர்ப்பதே தம் வாழ்வின் வேலையெனக் கொண்டவர் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர். அவர் முறையாக இரசாயனம் பயின்றவரல்லர். கடனாளியாய்ச் சிறை கண்டவர். பற்பல பொடிகளை ரப்பரிற் பிசைந்து பார்த்தார். நைட்ரிக் அமிலத்தில் தோய்த்தபோது மேற்பரப்பு மட்டும் திருந்திற்று. உள்ளே பழைய ரப்பரே இருந்தது. நதானியேல் ஹேவர்டு என்பவரிடமிருந்து கந்தகத்தின் பயனை அறிந்து அதையும் கலந்தார். வெறுங் கலப்பினால் பெரும் பயன் விளையவில்லை. 1839-ல் கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டொன்று தற்செயலாய்ச் சூடான அடுப்பில் பட்டது. உருகி ஓடவேண்டிய ரப்பர் உருகாமல் தோலைப்போற் கருகிற்று. பிறர் இதனைப் பாழென்று எறிந்திருப்பர். அவரோ, தகுந்த அளவிற் சூட்டை நிறுத்தினால் கருகாமலும் இளகாமலும் நிற்கும் புதிய பொருள் கிடைக்கும் என்று உணர்ந்தார்.

1844-ல் அமெரிக்காவில் அவருக்கு உரிமைச் சாசனம் கிடைத்தது. ஆனால் இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் 1843-லேயே மனுச் செய்து முந்திக்கொண்டார். ரோமரின் அக்கினி தேவனாகிய வல்கனின் பெயரால் இம்முறைக்கு வல்கனைசேஷன் என்று பெயரிட்டனர். குட்இயர் 1860-ல் கடனோடு மாண்டார். அவர் பெயர் தாங்கிய டயர்க் கம்பெனி 1898-ல் தோன்றியது. அதற்கும் அவர் குடும்பத்துக்கும் யாதொரு தொடர்புமில்லை.

அவ்வடுப்பில் நிகழ்ந்ததென்ன? ரப்பர் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள் என்பதை 1826-ல் பாரடே கண்டிருந்தார். அது மிக நீண்ட சங்கிலிகள் போன்ற அணுத்திரள்களால் ஆனது என்னும் கருத்துக்கு 1920-ல் ஜெர்மனியின் ஸ்டாடிங்கர் வழிவகுத்தார். பச்சை ரப்பரில் இச்சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும். சூட்டில் இளகுவதற்கு அதுவே காரணம். கந்தகமும் சூடும் கூடியவிடத்து, கந்தக அணுக்கள் சங்கிலிக்குச் சங்கிலி பாலமிட்டுப் பிணைக்கின்றன. பிணைந்தபின் அதனை நாப்தாவில் இட்டாலும் ஊதுமேயன்றிக் கரையாது. கலந்திருந்தபோது கந்தகம் கந்தகமாகவும் ரப்பர் ரப்பராகவும் இருந்தன; பிணைந்தபின் இரண்டும் சேர்ந்து வேறொன்றாயின.

1876-ல் விக்காம் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றின் கன்றுகளுள் 22, 1877-ல் சிங்கப்பூர் வந்தன. பின்னர்ச் சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவராயிருந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாது பட்டை சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டார். மலாயா ரப்பர் நாடாயிற்று. காடழித்துத் தோட்டமாக்கவும், விடியுமுன் எழுந்து மரஞ்சீவவும் தமிழர் கொண்டுவரப்பட்டனர். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைச் சேர்ப்பது 1910-ல் நின்ற பின்னரும் கங்காணி வழியே ஆட்கள் வந்துகொண்டேயிருந்தனர்.

அவர்கள் நாள்தோறும் கண்ட காட்சியை நினைத்துப் பாருங்கள். வெண்மையான பாலில் சிறிது அமிலத்தை ஊற்றியதும் அது தயிர்போல் உறைந்து, உருளையிற் பிழிந்து, புகையில் உலர்ந்து, பழுப்புத் தகடாயிற்று. பார்ப்போர்க்கு இதைவிடப் பெரிய மாறுதல் இல்லை. உண்மையில் பாலில் மிதந்த ரப்பர்த் துளிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. அமிலம் அத்தள்ளுதலை நீக்கவே அவை ஒன்றுகூடின. துளியில் இருந்த ரப்பரே தகட்டிலும் இருந்தது. அத்தகடு கப்பலேறி, அயல்நாட்டு ஆலையில் கந்தகத்தோடு வெந்து டயரானபோதுதான் பொருளே மாறிற்று, விலையும் மாறிற்று. முதல் மாறுதலைச் செய்தவர் குடியிருந்தது கூலிலயத்தில். இரண்டாம் மாறுதலைச் செய்யக் கற்றவர் ஆலைக்கு உடையவரானார். உழைப்பிற் குறைந்ததனாலன்று, அறிவு எட்டாதவாறு வைக்கப்பட்டதனாலேயே நம்மவர் தகட்டோடு நின்றனர்.

நம் சமூகத்திலும் உருமாற்றங்கள் பல நிகழ்ந்துள்ளன. தோட்டம் விட்டு நகர் புகுந்தோம், உடை மாறிற்று, வீடு மாறிற்று. ஆயினும் மணப்பேச்சு எழுந்தவுடன் சாதியை வினவும் வழக்கம் தலைதூக்குமானால், அது குளிருக்கு விறைத்து வெயிலுக்கு இளகும் பழைய ரப்பரேயன்றி வேறன்று. லவாய்சியரின் துலாக்கோலை நம் கையிலும் எடுப்போம். தோற்றத்தை ஒதுக்கி, ‘பொருள் மாறிற்றா?’ என்று நம்மை நாமே கேட்போம்.