வெள்ளை ராஜாவின் காது

2005-ம் வருடம் நமது தபால் துறை நான்கு நாய்களுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டுக் கௌரவித்தது. இமயமலையில் ஆடு மேய்ப்பவர்களின் நாய் ஒன்று. உத்தரப்பிரதேசத்து ராம்பூர் ஒன்று. கர்நாடகத்து முதோல் ஒன்று. நாலாவது யார் தெரியுமா? நம்ம ஊர் ராஜபாளையம்!

பால் வெள்ளை உடம்பு. ரோஜா நிற மூக்கு. வயிறு ஒட்டி, நெஞ்சு அகன்று, இரண்டே கால் அடி உயரத்தில் கம்பீரமாக நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டு, பால்கோவாவோடு ராஜபாளையம் போய், 'ஒரு நல்ல குட்டி வேணும்' என்று கேட்கிற வெளியூர்க்காரர்கள் எல்லோரும் கூடவே இன்னொன்றும் கேட்பார்கள்: ''சுத்த வெள்ளையா இருக்கணும்ங்க!''

அந்த ஒரு வரியில்தான் இந்த நாயின் பெருமையும் சோகமும் அடங்கியிருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போவோம். விஜயநகரப் பேரரசின் காலத்தில் ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்து, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் குடியேறியவர்கள் ராஜுக்கள். ஊருக்கே அவர்களால்தான் பெயர். சுற்றிலும் சேத்தூர், சிவகிரி என்று ஜமீன்கள். மலையில் காட்டுப்பன்றி. பன்றி வேட்டைக்குப் பயப்படாத, பலமான நாய் தேவைப்பட்டது. சிப்பிப்பாறை நாய் முயலைத் துரத்துவதில் கில்லாடி. பன்றியை மடக்க ராஜபாளையம்தான் சரி.

ஜமீன் வீட்டு நாய் என்றால் அந்தஸ்து வேண்டாமா? அந்தஸ்துக்கு நிறம் வெள்ளை என்று முடிவாயிற்று. விளைவு? ஒரே ஈற்றில் கறுப்பு, பழுப்புக் குட்டிகள் விழுந்தால் அவற்றைப் பிறந்ததுமே கொன்றுவிடுவது ஒரு காலத்தில் வழக்கமாகவே இருந்திருக்கிறது. வெள்ளைக் குட்டி மட்டும் வளரும். அதற்கு ஜோடியும் வெள்ளை. அதன் குட்டிகளுக்கும் அப்படியே.

இங்கேதான் இயற்கை தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. வெள்ளைக் குட்டிகளில் சில, கூப்பிட்டால் திரும்பவில்லை. பிடிவாதம் இல்லை... காதே கேட்கவில்லை!

நிறத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? 1859-ல் வெளியான தன் புகழ்பெற்ற நூலில் டார்வினே, நீலக் கண் கொண்ட வெள்ளைப் பூனைகள் பெரும்பாலும் செவிடாக இருப்பதை எழுதியிருக்கிறார். காரணம் பிற்பாடு புரிந்தது. தோலுக்கு நிறம் தரும் அதே வகை செல்கள் உள்காதுக்கும் தேவை. அவை அங்கே இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களுக்குள் காதின் நுண்ணிய பாகங்கள் பட்டுப்போகும். உலகத்துக்கே பிடித்த புள்ளிநாய் டால்மேஷியனை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் சோதித்தபோது, ஏறக்குறைய 30 சதவிகிதத்துக்கு ஒரு காதோ, இரண்டு காதுமோ கேட்கவில்லை.

எனவே, குட்டி எடுக்கப் போகிறீர்களா? மூக்கைப் பார்ப்பதற்கு முன்னால் காதைப் பாருங்கள். ஆறு வாரமாவது ஆன குட்டியைத் தனியாகப் பிரித்து (கூட்டத்தில் இருந்தால் மற்றவை திரும்புவதைப் பார்த்து அதுவும் திரும்பிவிடும்!) அதன் முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வு காலில் தெரிந்துவிடும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தப் பரீட்சையில் பாஸாகிவிடும். அதைக் கண்டுபிடிக்க மூளை அலைகளைப் பதிவு செய்யும் கருவிதான் வேண்டும். அப்படிப்பட்ட நாய் வீட்டில் தாராளமாக வளரலாம். அதை வைத்துக் குட்டி போட மட்டும் விடக்கூடாது. தாயையும் தகப்பனையும் நேரில் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

இரண்டாவது பிரச்னை, குணம். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. எஜமானர்களின் பவுசு போயிற்று. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 1991 திருத்தத்தில் வேட்டைக்கே கிட்டத்தட்ட முழுத் தடை. அந்த மலைக்காடு 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்குச் சரணாலயமாகி, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமாகிவிட்டது. சரியான சட்டங்கள்தான், சந்தேகமில்லை. ஆனால், காடு காடாக ஓடிய நாய்க்கு வேலை போய், தோப்பிலும் மில் வாசலிலும் சங்கிலி வந்தது. அப்புறம், 'ராஜபாளையமா, கடிச்சுக் குதறிடுமே!' என்ற கெட்ட பெயர்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் நாய்க்குட்டிகளை வருடக்கணக்கில் ஆராய்ந்து 1965-ல் புத்தகம் போட்டார்கள். சாராம்சம் இதுதான்: மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பன்னிரண்டாவது வாரம் வரை குட்டியின் மனம் திறந்து கிடக்கிறது. அப்போது பார்த்த மனிதர்கள் உறவு, பார்க்காதவர்கள் எதிரி. ராஜபாளையமோ இயல்பிலேயே ஓரிருவரிடம் மட்டும் ஒட்டுகிற ரகம். குட்டியாக இருக்கும்போதே பால்காரர், குழந்தைகள், தாத்தா, குக்கர் விசில், தீபாவளி மாதிரி சத்தங்கள் எல்லாவற்றையும் மெதுவாகப் பழக்கிவிடுங்கள். தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்காமல், தோளில் தூக்கிக்கொண்டு ஊரைக் காட்டுங்கள். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள்.

சாப்பாடு? கம்பங்கூழும் கேப்பைக் கஞ்சியும் மோரும் குடித்து வளர்ந்த வம்சம் இது. நாய்க்கு மாவுச்சத்து ஆகாது என்று பயமுறுத்துகிறவர்களுக்கு ஒரு செய்தி: ஓநாயைவிட மாவுச்சத்தைச் செரிக்கும் ஜீன் நாய்க்கு அதிகம் என்று 2013-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்காக வெறும் தயிர்சாதம் போதாது. முட்டை, வேகவைத்த கறி அவசியம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடாது. பார்த்தால் ஒல்லியாகத்தான் இருக்கும். கொழுக்க வைத்துவிடாதீர்கள், அது ஓடப் பிறந்த உடம்பு.

சைதாப்பேட்டையில் அரசே பண்ணை வைத்து இந்த இனத்தைக் காப்பாற்றப் பார்த்தது. தமிழகத்தின் தலைமைத் தபால் அதிகாரியாக இருந்த தியடோர் பாஸ்கரன், 2017-ல் இந்திய நாய்களுக்காகவே ஒரு நூல் எழுதினார். 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையத்தின் பெயரைச் சொன்னார். சொன்னதும் என்னவாகும்? கிராக்கி ஏறும். கிராக்கி ஏறினால் விற்பவர் அவசரப்படுவார். அவசரத்தில் அண்ணனுக்கும் தங்கைக்குமே ஜோடி சேர்ப்பார்.

சந்தையில் சரக்கைத் தீர்மானிப்பது வாங்குகிறவர். நாம் வெள்ளை கேட்டோம், வெள்ளை கொடுத்தார்கள். அடுத்தமுறை ராஜபாளையம் போனால், கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் பார்ப்போமே...

''காது நல்லா கேட்குமாங்க?''