பென்னிகுயிக்கை 'பினைன்' என்று சொல்லலாமா?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்குப் பேசப் போறது ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றி. வரலாற்று பாட்காஸ்ட்ல இங்கிலீஷ் கிராமர் எதுக்குன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு. தேனி, கம்பம், கூடலூர்ப் பக்கம் பென்னிகுயிக்கைப் பற்றி ஆங்கிலத்துல எழுதச் சொன்னா, அவர் பேருக்கு முன்னாடி ஒரு நல்ல அடைமொழி வந்து உட்கார்ந்துக்கும். ஒருத்தர் 'கைண்ட்' என்பார், ஒருத்தர் 'பெனவலன்ட்' என்பார். கொஞ்சம் அகராதி புரட்டினவர் 'பினைன்' என்பார். மூணும் ஒண்ணுதானே என்று தோன்றும். ஒண்ணு இல்லை. எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ, அதற்கேற்ப அணையின் வரலாறே வேறு மாதிரி ஆகிவிடும்.

முதல்ல சொல்லைப் பார்த்துடுவோம். 'பினைன்' லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. எழுத்தில் ஒரு 'ஜி' இருக்கும், உச்சரிப்பில் இருக்காது. வேர்ப்பொருள் 'நல்லதாகப் பிறந்தது'. அதாவது குணமே மென்மை, இயல்பே தீங்கில்லாதது. பெரியவர் ஒருத்தர் முகத்துல இருக்கிற அமைதியான கனிவுக்கு 'பினைன் ஸ்மைல்' என்பார்கள். வருஷத்துக்கு ஒண்ணுக்கு மேல திராட்சை அறுக்க விடுகிற கம்பத்துத் தட்பவெப்பத்தை 'பினைன் கிளைமேட்' எனலாம். புற்றாக மாறாத கட்டிக்கு 'பினைன் ட்யூமர்'. நம்ம ஜோசியர் சுபக்கிரகம்னு சொல்றதையும் பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லால் குறித்திருக்கிறார்கள்.

'பெனவலன்ட்' வேறு. அதன் வேரில் 'நல்லதை விரும்புதல்' இருக்கிறது. அங்கே ஒரு மனசு வேணும், ஒரு நோக்கம் வேணும், பெரும்பாலும் ஒரு கொடையும் வேணும். போலீஸ் பெனவலன்ட் ஃபண்ட் என்கிறோம். அதை 'பினைன் ஃபண்ட்' என்று யாரும் சொல்வதில்லை. தட்பவெப்பம் பினைனாக இருக்கும், பெனவலன்டாக இருக்காது. ஏன்னா அதுக்கு விருப்பம் கிடையாது.

மூணாவது 'கைண்ட்லி'. நம்ம ஊர்ல இது 'தயவுசெய்து' மட்டும்தான். ஆனா ஆங்கிலத்தில் இது பெயரடையும் கூட. 'எ கைண்ட்லி ஓல்ட் மேன்' என்றால் கனிவான முதியவர். 'கைண்ட்லி' நமக்கு விண்ணப்பச் சொல்லாக மட்டும் நின்றுபோனதுக்குப் பின்னால் காலனிய மனு மொழி இருக்கு. கலெக்டருக்கோ கவர்னருக்கோ எழுதுகிறவர் 'மிகத் தாழ்மையுடன்' என்று தொடங்கி, 'தங்களுக்காக என்றும் பிரார்த்திப்பேன்' என்று முடிக்கணும். நடுவில் எதிராளியின் கருணையைப் புகழணும். இன்றும் சில அலுவலகக் கடிதங்களில் 'தங்கள் பினைன் பரிசீலனைக்கு' என்று ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். அந்த இடத்தில் அது குணத்தைச் சொல்லும் சொல் இல்லை; கீழே இருப்பவர் மேலே பார்த்துப் போடும் கும்பிடு. உரிமையாகக் கிடைக்க வேண்டியதையும் கருணையாகக் கேட்க வைத்த மொழி அது.

இப்ப அணைக்கு வருவோம்.

பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்பும் யோசனை பென்னிகுயிக்குக்கு ரொம்ப முந்தியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதை யோசித்தார். பிறகு கம்பெனிப் பொறியாளர்கள் வந்து பார்த்துவிட்டு, ஆகாத காரியம் என்று விட்டார்கள். 1876-78 பெரும் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்த பிறகுதான் திட்டத்துக்கு மறுபடி உயிர் வந்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூருக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் ஒப்பந்தம். 8,000 ஏக்கர், 999 வருஷக் குத்தகை, ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய். 1887இல் வேலை தொடங்கி, 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டிய அணை. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் வைரவனாற்றுக்கு வந்து, முல்லையாறு, வைகை என்று போனது. கம்பம் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 14,700 ஏக்கர் இருபோக நிலமானது.

இதைச் செய்த அரசை 'பினைன்' எனலாமா? பாசனத் திட்டம் என்றால் போட்ட காசுக்குத் தீர்வை எவ்வளவு திரும்ப வரும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த அரசு கையெழுத்துப் போடும். பஞ்சம் ஒரு காரணம், வருவாய் இன்னொரு காரணம். ஒரு சிற்றரசும் அதன் தலைக்கு மேலே இருக்கிற பேரரசும் உட்கார்ந்து போட்ட 999 வருஷக் குத்தகையில் 'மென்மையான கனிவு' எங்கே இருக்கு?

அணை கட்டின இடத்தில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். முக்கியமான காரணங்களில் ஒன்று மலேரியா. கொசு வழியாகத்தான் அது பரவுகிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897இல், அணை திறந்து இரண்டு வருஷம் கழித்து. அதனால் காய்ச்சல் எப்படி வருதுன்னு தெரியாமலேயே அந்தக் காட்டில் வேலை நடந்தது. பழைய மருத்துவ நூல்களில் மலேரியாவில் ஒரு வகைக்குப் பெயரே 'பினைன் டெர்ஷியன்'. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் முறைக்காய்ச்சல். உடனே ஆளைக் கொல்லும் இன்னொரு வகையோடு ஒப்பிட்டு இதற்கு 'சாதுவானது' என்று பெயர் வைத்தார்கள். நடுங்கிக்கொண்டு கிடந்த கூலிக்காரருக்கு அது சாதுவாக இருந்திருக்காது. இன்னொன்றோடு ஒப்பிட்டால்தான் அது பினைன். பேரரசைப் பற்றி இந்தச் சொல் வரும்போதும் எதோடு ஒப்பிடுகிறார்கள், யார் ஒப்பிடுகிறார்கள் என்று கேட்கணும்.

இன்னொரு உதாரணமும் இதே மண்ணில் இருக்கு. தண்ணீர் கொடுத்த அதே அரசு, 1911இன் குற்றப் பழங்குடிகள் சட்டத்தைப் பிரமலைக் கள்ளர் மீது போட்டது. மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். அதை எதிர்த்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர். சட்டம் போட்டவர்கள் கூடவே பள்ளிக்கூடமும் நடத்தினார்கள், அதற்குச் 'சீரமைப்பு' என்று பெயர் வைத்தார்கள். 'பெனவலன்ட்' என்ற சொல்லுக்கு அவர்கள் உரிமை கொண்டாடியிருக்கலாம், நல்லது செய்வதாக அவர்களே நம்பியிருக்கவும் கூடும். 'பினைன்' என்ற சொல்லுக்கு அவர்களுக்கு உரிமை கிடையாது.

சரி, அரசு வேறு, ஆள் வேறு. பென்னிகுயிக்? இங்கிலாந்தில் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்று நம்ம பக்கம் சொல்வார்கள். அந்தக் கதைக்கு உறுதியான ஆவணம் எதுவும் வெளிவரவில்லை. அது சென்னை மாகாண அரசு செலவு செய்த திட்டம். ஆனா கதை என்ன செய்கிறது என்று கவனிங்க. சம்பளம் வாங்கிய ஒரு ராணுவப் பொறியாளரை அது கொடையாளியாக்குகிறது. 'பெனவலன்ட்' என்ற சொல் பொருந்தணும்னா அந்தக் கதை நமக்குத் தேவைப்படுகிறது. கதை இல்லாமலே அவரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கு: கைவிட்ட திட்டத்தை எடுத்துக் கட்டி முடித்த விடாப்பிடி, வெள்ளம் வேலையை அடித்துக்கொண்டு போனபோதும் விலகாத பொறுப்பு. அதற்கெல்லாம் ஆங்கிலத்தில் வேறு நல்ல சொற்கள் உண்டு.

கம்பம் பள்ளத்தாக்கு அவரை எந்தச் சொல்லால் நினைக்கிறது? கம்பம் பள்ளத்தாக்கு மக்களின் அறச் சொற்களை ஆராய்ந்து மானுடவியலாளர் ஆனந்த் பாண்டியன் 2009இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். எனக்கு இந்த இடத்தில் முக்கியமாகப் படும் சொல் ஈரம். தமிழில் ஈரம் என்றால் நனைவு, ஈரம் என்றால் அன்பும். 'இனியவை கூறல்' அதிகாரத்தில் வள்ளுவர் அன்பு என்ற பொருளிலேயே அதைக் கையாள்கிறார். 'அவனுக்கு நெஞ்சுல ஈரமே இல்ல' என்று இன்றைக்கும் திட்டுகிறோம். 'பினைன்' மேலிருந்து கீழே பார்க்கும் முகம். ஈரம் அப்படி இல்லை, அது ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குக் கசியும். தண்ணீரை நம்பி வாழும் ஊர், கனிவுக்கும் தண்ணீருக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

பாலார்பட்டியில் அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்த வீடுகள் உண்டு. லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபம் திறந்தார்கள். இது எல்லாமே நன்றி. நன்றி என்பது சொல்கிறவரின் குணம். அதற்காக வாங்கினவரின் குணத்துக்கு நாம் சான்றிதழ் கொடுக்கணும் என்று இல்லை.

அதனால ஆங்கிலத்தில் எழுதுகிற பிள்ளைகளுக்கு என் யோசனை இதுதான். 'பினைன்' என்பதை மழைக்கும், தட்பவெப்பத்துக்கும், தாத்தாவின் சிரிப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது தெரிந்தே, தன் கையிலிருந்து கொடுத்தால் 'பெனவலன்ட்' என்று எழுதுங்கள். பென்னிகுயிக்கைப் பற்றி எழுதும்போது வாக்கியத்தின் எழுவாயை மாற்றுங்கள். 'அவர் கருணையானவர்' என்பதற்குப் பதிலாக, 'கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் அவரை நன்றியோடு நினைக்கிறார்கள்' என்று எழுதுங்கள். அது ஆங்கிலத்திலும் சரி, வரலாற்றிலும் சரி. இடம் இருந்தால் அடுத்த வரியில், அணைப் பக்கத்துக் காட்டில் காய்ச்சலில் செத்த கூலிக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு இதுவரை யாரும் அடைமொழி தேடவில்லை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.