தைத் திங்களும் மகரத் தலைநாளும்

தைத் திங்கள் முதல்நாளன்று தமிழ்நாட்டு உழவர் புத்தரிசி கொண்டு பொங்கலிட்டு ஞாயிற்றை வழிபடுதலும், மறுநாள் ஆவினங்களை நீராட்டி மாலை சூட்டிப் போற்றுதலும் தொன்றுதொட்டு நிகழ்ந்துவரும் வழக்கங்களாம். விளைவினை நுகர்வதற்கு முன்னர் அவ்விளைவிற்குத் துணைநின்றாரை நினைத்தலே இவ்விழாவின் உயிர்நிலை. பாண்டிநாட்டில் இராசபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், ஆற்றின் அருகே கோயில்கொண்ட தெய்வத்தை அந்நாட்டு மக்கள் 'நீர் காத்த அய்யனார்' என்றே வழங்குவர். மலையினின்றும் இழிந்துவரும் நீரே வயலுக்கும் ஊருக்கும் உயிரென்பதை உணர்ந்தோர், அந்நீருக்கு ஒரு காவலனைக் கண்டு வணங்கினர். நெல்லுக்கு நீர் காத்தாரை நினைக்கும் முறை இதுவாயின், உயிர்க்கு அறிவுநீர் பாய்ச்சிய ஆசிரியனை நினைக்கும் நாள் யாது என்னும் வினா எழுதல் இயல்பே. அதற்கு விடை, அதே தைத் திங்களில், சோழநாட்டுக் காவிரித் தென்கரைத் தலமாகிய திருவாவடுதுறையிற் கிடைக்கின்றது.

அத்தலத்தின் வரலாறு ஆவினோடும் ஆசிரியனோடும் ஒருங்கே பிணைந்தது. அம்மை பசுவடிவு கொண்டு இறைவனை வழிபட்டு அவ்வடிவு நீங்கப்பெற்ற இடமாதலின், அது கோமுத்தி எனவும் பெயர்பெற்றது. கயிலையினின்றும் போந்த சிவயோகியார் ஒருவர், அதனை அடுத்த சாத்தனூரில் ஆனிரை மேய்க்கும் மூலன் என்பான் உயிர்நீத்துக் கிடப்பவும், அவன் மேய்த்த பசுக்கள் அவ்வுடலைச் சூழ்ந்து கதறவும் கண்டு இரங்கினார். அப்பசுக்களின் துயர் தீர்த்தற்பொருட்டே தம் உயிரை அவ்வுடலிற் புகுத்தித் திருமூலராயினார் என்பது பெரியபுராணத்தால் அறியப்படும். திருமந்திரம் என்னும் ஆகமப் பெருநூல் பிறந்தது ஆக்களுக்கு இரங்கிய அருளினின்றாம். ஆதலின், மாட்டுப் பொங்கலும் குருவழிபாடும் ஒரே திங்களில் நிகழ்தற்கு இத்தலத்தினும் இயைபுடைய இடம் பிறிதொன்று காண்டல் அரிது.

இத்தலத்தில் விளங்கும் ஆதீனத்தின் முதற்குரவர் நமசிவாய மூர்த்திகள். அவர் பரிபூரணமெய்திய நாள் தைத் திங்கள் அச்சுவினியாதலின், அது 'மகரத் தலைநாள்' எனப்படும். ஆண்டுதோறும் அந்நாளிற் குருபூசை நிகழ்கின்றது. அறுவடைக் காலமும் குருபூசையும் ஒன்றுபட்டது எவரும் திட்டமிட்டமைத்ததன்று. ஆயினும் அவ்வொற்றுமையால் விளைந்த பயன் பெரிது. மடத்து நிலங்களில் விளைந்த நெல் களஞ்சியம் நிறையும் காலத்தில், குருவின் பெயரால் அஃது அடியார்க்கு அமுதாயிற்று, புலவர்க்கும் இசைவாணர்க்கும் பரிசாயிற்று, மாணாக்கர்க்குக் கல்வியாயிற்று. சுப்பிரமணிய தேசிகர் ஆதீனத் தலைவராய் வீற்றிருந்த காலத்துக் குருபூசைச் சிறப்பினையும், அதன்கண் திரண்ட வித்துவான்களின் கூட்டத்தினையும் உ. வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திரத்தில்' விரித்துரைத்துள்ளார்.

அவர்தம் ஆசிரியர் ஆதீனப் பெரும்புலவராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) ஆவர். சாமிநாதையர் 1871ஆம் ஆண்டில், தம் பதினேழாம் வயதில், அவரை அடைந்தார். பிள்ளையவர்கள் மாணாக்கரிடம் பொருள் பெற்றுப் பாடஞ் சொன்னாரல்லர். தாம் வறுமையால் வருந்திய காலத்தும் அவர்களுக்கு உணவளித்துக் கற்பித்தார். தம்பிரான்கள் பலர் அவர்பாற் பாடங் கேட்டனர்; சாமிநாதையரைப் போன்ற அந்தணரும், சவேரிநாதப் பிள்ளை என்னும் கிறித்தவரும், குலாம்காதிறு நாவலர் என்னும் இசுலாமியரும் அவர்தம் மாணாக்கரே. மழைநீர் வரப்பு நோக்கிப் பெய்வதில்லை. நல்லாசிரியன் கல்வியும் அத்தகையதே.

1876ஆம் ஆண்டுத் தைத் திங்களில் பிள்ளையவர்கள் நோயுற்று மெலிந்து கிடந்தனர். குருபூசைக்குரிய அத்திங்களிலேயே, பிப்ரவரி 1ஆம் நாள், அவர்தம் முடிவு நேர்ந்தது. அவ்விரவு சவேரிநாதப் பிள்ளை ஆசிரியரைத் தம் மார்பில் தாங்கியிருந்தார். ஆசிரியர் விரும்பியவண்ணம் சாமிநாதையர் திருவாசகத்து அடைக்கலப்பத்தினை ஓதினார். கிறித்தவ மாணாக்கர் தாங்க, அந்தண மாணாக்கர் ஓத, சைவ வேளாளராகிய ஆசிரியர் சிவனடிக்கண் அடைக்கலமாயினார். ஆசிரியர்க்கு மாணாக்கர் செய்யத்தக்க வழிபாடு இதனின் மேம்பட்டது யாதுளது!

இனி, சித்தாந்தம் இவ்விரு விழாவினையும் ஒருங்கிணைத்துக் காட்டும் நெறியும் ஒன்றுண்டு. உயிரைப் பற்றிய மும்மலங்கட்கு நெல்லினையே உவமையாகக் கொண்டது சிவஞான சித்தியார். நெல் தோன்றும்போதே உமியும் தவிடும் முளையும் உடன்தோன்றுதல் போல, ஆணவம் மாயை கன்மம் என்பன உயிரை அனாதியே பற்றி நிற்கும். உமியொடு கூடிய நெல் நிலத்திடப் பின்னும் முளைக்கும். குற்றி உமி நீக்கிய அரிசியோ முளையாது. அவ்வாறே ஆணவம் வலிகெட்ட உயிர்க்குப் பிறவியில்லை. நெல் தன்னைத் தானே குற்றிக்கொள்ள மாட்டாது. உலக்கையும் கையும் வேண்டும். உயிர்க்கு அக்கையாய் வருவோனே குரு. ஆகவே பொங்கற் பானையில் இடப்படும் புத்தரிசி, சைவ நன்மக்கட்கு உணவு மாத்திரமன்று. குருவருளின் செயலை ஆண்டுதோறும் கண்முன் நிறுத்தும் சான்றுமாகும்.

பிள்ளையவர்கள் விதைத்ததன் விளைவு முழுதையும் தாம் கண்டாரல்லர். அவர் மறைந்தபின் சாமிநாதையர் மடத்திலேயே தங்கிச் சுப்பிரமணிய தேசிகரிடம் பயின்றும் பிறர்க்குப் பயிற்றியும் வந்தார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். அப்பதிப்பிற்குத் துணையாய ஏடுகளுள் திருவாவடுதுறை மடத்துச் சுவடியும் ஒன்று. அது சமண காவியம். எனினும் சைவ மடம் அதனைக் காத்திருந்தது. சைவ ஆசிரியரிடம் பயின்ற அந்தணர் அதனை உலகுக்களித்தார். 1894இல் புறநானூறும் அவரால் வெளிவந்தது. பின்னர், 1933, 1934ஆம் ஆண்டுகளில், தம் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகமாக எழுதி வெளியிட்டு நன்றிக்கடன் ஆற்றினார். விதைத்தோர் ஒருவர், அறுத்தோர் மற்றொருவர். உண்டு மகிழ்ந்ததோ தமிழுலகம் முழுதும்.

உழவன் புதுநெல் முழுவதையும் உண்டுவிடுவானல்லன். அடுத்த பருவத்துக்கு விதைநெல் எடுத்துவைப்பான். பசி வந்தபோதும் அதனைத் தொடான். ஆசிரியன் மாணாக்கனிடத்து வைத்துச் செல்லும் கல்வியும் அத்தகைய விதைநெல்லே. கற்றதனைத் தம்மளவில் நுகர்ந்தொழிவோர் விதைநெல்லை அட்டுண்டவராவர். பிறர்க்கு ஓதுவோரே அதனைக் காத்தவராவர். தைத் திங்களிற் பொங்கலிடுவோர் ஞாயிற்றையும் நீரையும் ஆவினையும் நினைப்பதனோடு, தமக்கு எழுத்தறிவித்தானையும் நினைந்து, தாம் கற்றதில் ஒரு சிறிதேனும் இளையார் ஒருவர்க்கு ஓதுவாராயின், மகரத் தலைநாளின் பொருள் அவர்தம் மனைக்கண்ணே நிறைவெய்தும்.

திருச்சிற்றம்பலம்