பாட்டி சோப் காய்ச்சலை, அரப்பு இடிச்சாங்க

கையால சோப் செய்யறது இப்போ நிறைய பேருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு ஆயிடுச்சு. சிலிக்கான் அச்சு, மேலே நாலு ரோஜா இதழ், கொஞ்சம் மினுமினுப்பு, சணல் கயிறு, அதுல தொங்கற சின்ன அட்டை. அந்த அட்டையில அடிக்கடி ஒரு வரி இருக்கும்: "பாட்டி காலத்து முறையில் செய்தது." இன்னிக்கு எபிசோட் அந்த ஒரு வரியைப் பத்தித்தான். பாட்டி காலத்துல நம்ம வீடுகள்ல சோப் காய்ச்சற வழக்கம் இல்லை. அவங்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

தர்மபுரி மாவட்டத்துல ஒகேனக்கல் போனவங்களுக்கு இது சுலபமா புரியும். அங்கே எண்ணெய் தேய்ச்சு விடறவங்க உங்களைப் பாறையில உட்கார வச்சு, தலையிலேர்ந்து கால் வரைக்கும் எண்ணெயில ஊற வச்சிடுவாங்க. அப்புறம் அருவி. வெறும் தண்ணி அந்த எண்ணெயை எடுக்காது. இன்னிக்கு நாம கரையில ஒரு ஷாம்பு பாக்கெட்டைக் கிழிக்கறோம். அதுக்கு முன்னாடி இருந்தது அரப்பும் சீயக்காயும். அரப்புன்னா உசிலை மரத்து இலையைக் காயவச்சு இடிச்ச பொடி. தர்மபுரி, சேலம் மாதிரி வறண்ட பக்கத்துக் காடுகள்ல அந்த மரம் தானா வளரும். சீயக்காய், பூந்திக்கொட்டை எல்லாத்துலயும் சபோனின்னு ஒரு பொருள் இருக்கு. ஒரு பக்கம் எண்ணெயைப் பிடிக்கும், இன்னொரு பக்கம் தண்ணியைப் பிடிக்கும். சோப் செய்யற அதே வேலைதான். அதை மரமே செஞ்சு வச்சிருக்கு, நாம இடிச்சா போதும்.

துணிக்கு வேற வழி. சலவைத் தொழிலாளர்கள் உவர்மண் கரைச்ச தண்ணியில துணியை முக்கி, வெள்ளாவியில வச்சு அவிச்சாங்க. உவர்மண்ல இருக்கறது பெரும்பாலும் சோடியம் கார்பனேட். இன்னிக்குக் கடையில வாஷிங் சோடான்னு கேட்டா கிடைக்கறதும் அதேதான். சோப்புக்குப் பழைய தமிழ்ப் பேர் சவுக்காரம், இலங்கையில இன்னிக்கும் சவர்க்காரம். அந்தப் பேருக்குள்ளேயே காரம் உட்கார்ந்திருக்கு பாருங்க. மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரா வர்ற காரம்.

சோப்போட மொத்தக் கதையும் அந்தக் காரத்தோட கதைதான். எண்ணெய் எல்லா ஊர்லயும் இருந்தது. அதைக் கட்டி சோப்பா மாத்தற அளவுக்கு வலுவான காரம்தான் கஷ்டம். 1791-ல பிரான்ஸ்ல லெப்லாங், சாதா உப்பிலேர்ந்து சோடா எடுக்கற வழியைக் கண்டுபிடிச்சார். அதுக்கப்புறம்தான் சோப் மலிவாச்சு. 1888-ல லீவர் கம்பெனியோட சன்லைட் சோப் கல்கத்தா துறைமுகத்துல வந்து இறங்குது.

நம்ம பக்கம் இது எப்படித் தொடங்கிச்சுன்னா, மீன்ல. சென்னை மாகாண அரசுல மீன்வளத்தைக் கவனிச்சவர் ஃபிரடெரிக் நிக்கல்சன். மலபார் கரையில மத்தி மீன் எண்ணெய் ஏராளமா கிடைச்சது. அதை என்ன பண்ணலாம்னு யோசிச்சதுல வந்ததுதான் சோப். செடிகளுக்குத் தெளிக்கிற பூச்சிமருந்தாவும் மீன் எண்ணெய் சோப் பயன்பட்டது. 1914-ல கோழிக்கோட்டில் அரசே சோப் நிறுவனம் தொடங்கிச்சு. அப்போ மலபாரும் சரி, தர்மபுரி இருந்த சேலம் மாவட்டமும் சரி, ஒரே மாகாணம். வடக்கே மைசூர் சமஸ்தானத்துல வேற காரணம்: முதல் உலகப் போர் வந்ததும் சந்தனக் கட்டை ஐரோப்பாவுக்குப் போக முடியாம தேங்கிப் போச்சு. 1916-ல அதுலேர்ந்து எண்ணெய் எடுக்க ஆரம்பிச்சு, பிறகு சந்தன சோப்புக்கு வந்தாங்க. எங்கேயும் பாட்டி இல்லை, கவனிச்சீங்களா? அரசாங்கமும் ரசாயனம் படிச்சவங்களும்தான்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம் இனிமேதான். ஒகேனக்கல்ல நீங்க எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச அதே காவிரி அடுத்து எங்கே போகுது? மேட்டூர். அணை 1934-ல முடிஞ்சது, 1937-ல அங்கே மின்சாரம் வந்தது. மேட்டூர் கெமிக்கல்ஸ் தொடங்கினது 1936-ல. உப்புத் தண்ணிக்குள்ள மின்சாரத்தைச் செலுத்தினா காஸ்டிக் சோடா கிடைக்கும். ஆக, மேல அரப்பு தேய்ச்ச ஆறு, கீழ சோப்புக்கான காரத்தைச் செய்ய மின்சாரம் கொடுத்தது. தர்மபுரி சேலத்துலேர்ந்து பிரிஞ்சு தனி மாவட்டம் ஆனதே 1965-லதான், அதனால அப்போ இது எல்லாம் ஒரே மாவட்டத்துக்குள்ள நடந்த கதை.

சரி, பாட்டி பேரைப் போட்டா என்ன தப்புன்னு கேட்கலாம். அந்தப் பேரு, இது பாதுகாப்பான, மென்மையான சமையல் வேலைங்கற நினைப்பைக் கொடுக்குது. காஸ்டிக் சோடா அப்படி இல்லை. ஒரு கிலோ தேங்காய் எண்ணெயை முழுசா சோப் ஆக்க கிட்டத்தட்ட 183 கிராம் வேணும். நல்லெண்ணெய்க்கு 133 கிராம் சுமார். தேங்காய் எண்ணெய்க் குறிப்பைப் பார்த்துட்டு, வீட்டுல இருந்த நல்லெண்ணெயை ஊத்தினீங்கன்னா கிலோவுக்கு 50 கிராம் காரம் சோப்புக்குள்ள சும்மா நிக்கும். அது உங்க தோல்ல வேலை செய்யும். "ரெண்டு கரண்டி, ஒரு கைப்பிடி" கணக்கு ரசத்துக்கு சரி, இங்கே தராசு வேணும். காரத்தைத்தான் தண்ணியில போடணும், தண்ணியைக் காரத்து மேல ஊத்தக்கூடாது. அலுமினியப் பாத்திரத்தை அடுப்படியிலயே விட்டுடுங்க, காரம் அதை அரிச்சிடும். கண்ணாடி, கையுறை போடாம இந்த வேலையே வேண்டாம்.

இதெல்லாம் பயமா இருந்தா, கடையில கிடைக்கற சோப் பேஸை வாங்கி உருக்கி ஊத்தலாம். காரம் கலக்கற வேலை ஆலையிலயே முடிஞ்சிருக்கும். அலங்காரத்துக்கு அதுதான் வசதியும்கூட. அதை மட்டமா நினைக்கறவங்க இருக்காங்க, நான் நினைக்கலை. ஆனா அட்டையில "உருக்கி வார்த்தது"ன்னு எழுதுங்க, பாட்டியை இழுக்காதீங்க. விக்கப் போறீங்கன்னா இன்னொண்ணு: 1940-ம் வருஷத்து மருந்து, அழகுசாதனச் சட்டத்துல முதல்ல சோப் அழகுசாதனக் கணக்குல வரலை. 1982-ல திருத்தம் செஞ்சு உள்ளே கொண்டுவந்தாங்க. அதனால விற்பனைக்குக் குளியல் சோப் செய்ய உரிமம் வேணும். தோழிக்குப் பிறந்தநாள் பரிசா கொடுக்கறது வேற.

பாட்டிக்கு நிஜமாவே தெரிஞ்ச ஒரு சோப் ரகசியம் இருக்கு. காரம் கலந்து செய்யற சோப்ல மஞ்சள் பொடி போட்டா, கலக்கறப்போ அது திடீர்னு செங்கல் நிறத்துக்குப் போகும். புதுசா செய்யறவங்க பயந்து தூக்கிக் கொட்டிடறாங்க. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா தண்ணி சிவக்கும்னு ஆரத்தி கரைச்ச எல்லாருக்கும் தெரியும். இதுவும் அதேதான், காரம் பட்ட மஞ்சள். ரோஜா இதழ் மட்டும் அதுல பழுப்பாயிடும், அதனால இதழை உள்ளே கலக்காம, நாலஞ்சு வாரம் காயவிட்டு, கடைசியில மேலே வைங்க.